கதை கேட்கும் முன் கரையைப் பாருங்கள்

சேலத்தில் பட்டுப்புடவை எடுக்கப் போகிறவர்கள் கடைக்காரர் பிரித்துப் போட்டதும் நிறத்தைப் பார்த்து மயங்குவதில்லை. முந்தியைத் திருப்பிப் பின்பக்கம் பார்ப்பார்கள். கரையை விரலிடுக்கில் உருட்டுவார்கள். தூக்கிப் பார்த்து "கனமே இல்லீங்களே" என்பார்கள். விலைப் பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான். அதே ஆட்கள் கையில் பாரிஸ் பெயர் போட்ட ஒரு பட்டு ஸ்கார்ஃபைக் கொடுத்தால், கற்றதையெல்லாம் மறந்துவிட்டு விற்பவர் சொல்லும் கதையைக் கேட்க உட்கார்ந்துவிடுகிறார்கள்.

டிசைனர் ஸ்கார்ஃபில் கதைக்குத்தான் பாதி விலை என்பது உண்மை. இளவரசிக்காக வரைந்தது, தபால் ஊழியர் வரைந்தது, போர்க்காலத்தில் விமானிகளிடம் இருந்தது என்று ஆயிரம் கதைகள் உண்டு. அவற்றில் பல நிஜமும்கூட. ஆனால் கதை அந்த வடிவமைப்புக்குச் சொந்தம். உங்கள் கையில் இருக்கிற துணிக்கு அந்தக் கதையில் பங்கு உண்டா என்று துணியைத்தான் கேட்க வேண்டும். தறிச்சத்தத்தில் வளர்ந்த ஊருக்கு அது ஒன்றும் கஷ்டமான காரியமில்லை.

முதலில் தராசு

பட்டுத் துணியின் கனத்தை உலகச் சந்தையில் மாம்மி என்ற அளவில் சொல்கிறார்கள். 1 மாம்மி என்றால் சதுர மீட்டருக்குச் சுமார் 4.34 கிராம். 90 செ.மீ. சதுர ஸ்கார்ஃபின் பரப்பு 0.81 சதுர மீட்டர். அப்படியென்றால் 18 மாம்மி துணியில் செய்தது ஏறக்குறைய 63 கிராம் நிற்கும். 16 மாம்மி என்றால் 56, 12 என்றால் 42, லைனிங்குக்குப் போடும் மெல்லிய 8 மாம்மி என்றால் 28 கிராம்தான். ஹெர்மெஸ் போன்ற பெரிய பிரெஞ்சு நிறுவனங்களின் ட்வில் (சாய்கோட்டு நெசவு) சதுர ஸ்கார்ஃபுகள் இந்த வரிசையின் மேல்முனையில், 60 கிராமை ஒட்டியோ தாண்டியோ இருக்கும். "அசல் பிரெஞ்சு ட்வில்" என்று சொல்லிக் கொடுத்தது 40 கிராம் காட்டினால் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

வீட்டுச் சமையல் தராசு போதாது. 0.1 கிராம் வரை காட்டும் தராசு வேண்டும். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் எந்தக் கொலுசுப் பட்டறையில் கேட்டாலும் வைத்துப் பார்க்க விடுவார்கள். ஒரு விஷயம்: பட்டு காற்றிலிருந்து ஈரம் உறிஞ்சும். வணிகக் கணக்கில் அதற்கு 11 சதவீதம் ஈரம் அனுமதிக்கிறார்கள். ஏற்காட்டில் மழைக்காலத்தில் நிறுத்த அதே ஸ்கார்ஃப் சேலத்தில் சித்திரை வெயிலில் சில கிராம் குறைவாகக் காட்டும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். எடையைக் குறித்து வைக்கும்போது இடத்தையும் மாதத்தையும் பக்கத்தில் எழுதுங்கள்.

அடுத்தது நெசவு. சாதா நெசவில் பாவும் (நீள இழை) ஊடும் (குறுக்கு இழை) ஒன்றுக்கு ஒன்று மேலும் கீழுமாகப் போகும். ட்வில்லில் ஊடு சில பாவு இழைகளைத் தாண்டிப் போய், ஒவ்வொரு வரிக்கும் ஓரிழை நகர்ந்து நகர்ந்து, துணி முழுக்கச் சாய்ந்த கோடுகளாகத் தெரியும். ஜவுளிக் கடைகளில் இழை எண்ணப் பயன்படுத்தும் பிக் கிளாஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அதன் வழியாகப் பார்த்தால் நல்ல ட்வில்லில் கோடுகள் நெருக்கமாக, ஒரே சாய்வில், இடையில் எங்கும் தடிமனாகாமல் ஓடும். மலிவான துணியில் ஊடு இழையின் தடிமன் இடத்துக்கிடம் மாறி, வெளிச்சத்தில் பிடித்தால் குறுக்கே பட்டை பட்டையாக நிழல் விழும்.

பட்டா இல்லையா என்ற சந்தேகம் இருந்தால், ஓரத்தின் உள்மடிப்பிலிருந்து ஓரிழை மட்டும் உருவி எரித்துப் பாருங்கள். பட்டு மயிர் கருகும் வாடை அடிக்கும், தீயை எடுத்ததும் அணைந்துவிடும், மிஞ்சும் கரி உருண்டை விரலில் பொடியாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும். ரேயான் காகிதம் போல எரியும். இளம்பிள்ளைப் பக்கம் இது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சோதனை. சில்க் மார்க் முத்திரை இருக்கிறதா என்று கேட்பவர்கள் உண்டு. அது நம் மத்தியப் பட்டு வாரியம் ஏற்படுத்திய ஏற்பாடு. வெளிநாட்டில் விற்ற பழைய ஸ்கார்ஃபில் அதைத் தேடிப் பயனில்லை.

ஓரம் பொய் சொல்லாது

போலி செய்கிறவர்கள் படத்தை நன்றாகவே நகலெடுக்கிறார்கள். மாட்டிக்கொள்வது ஓரத்தில்தான். கையால் உருட்டித் தைத்த ஓரம் மெல்லிய குழாய் போல உருண்டு நிற்கும். விரலால் அழுத்தினால் உள்ளே கொஞ்சம் காற்றிருப்பது போலத் தெரியும். பிரெஞ்சு வழக்கில் அந்த உருட்டல் முன்பக்கம், அதாவது படம் பளிச்சென்று தெரியும் பக்கம் நோக்கி வரும். இத்தாலிய வேலைகள் பலவற்றில் பின்பக்கம் போகும். தையல்கள் ஏறக்குறைய சம இடைவெளியில் இருக்கும், ஆனால் அச்சுப் பிசகாத ஒரே இடைவெளியில் இருக்காது. ஒரு பக்கம் முழுக்க எந்திரம் மாதிரி ஒரே அளவில் இருந்தால் அது எந்திரம்தான். நூலும் அந்தப் பக்கத்துக் கரையின் நிறத்துக்குச் சேர்ந்திருக்க வேண்டும்.

ஓரம் தட்டையாக இருந்தால் உடனே போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். அசலை இஸ்திரிக் கடைக்காரர் அழுத்தித் தேய்த்திருந்தாலும் அப்படித்தான் ஆகும். தையலைப் பாருங்கள். தையல் கைத்தையலாக இருந்தால் தப்பு இஸ்திரியுடையதாக இருக்கலாம். ஆவி காட்டி விரலால் மெல்ல உருட்டினால் ஓரளவு எழும்பும். பழைய உருட்சி முழுதாகத் திரும்பாது, விலையில் அதைக் குறைத்துக் கேளுங்கள்.

ஓரம் பிரிந்திருந்தால் நம்மூர் தையல்காரரிடம் கொடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை: புடவைக்கு ஃபால்ஸ் அடிக்கிற பழக்கத்தில் அவர் ஓவர்லாக் போட்டுவிடுவார். அதோடு அதன் மதிப்பு போயிற்று. நீங்களே செய்யலாம். 10 அல்லது 11ஆம் நம்பர் ஊசி, ஒற்றைப் பட்டு நூல், எச்சில் தொடாத கை. துணி விளிம்பைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே 3 மி.மீ. அளவுக்கு உருட்டி, உருட்டலுக்குக் கீழே துணியில் ஓரிரு இழையை மட்டும் கவ்வி, ஊசியை உருட்டலுக்குள்ளேயே 8 முதல் 10 மி.மீ. ஓட்டி வெளியே எடுங்கள். நூலை இறுக்கினால் ஓரம் சுருங்கி அலையடிக்கும். தளர விட்டால் மோதிரத்தில் மாட்டி மறுபடி பிரியும். மூலை வரும்போது ஒரு பக்கத்தை முடித்துவிட்டுத்தான் அடுத்ததை உருட்ட வேண்டும்.

அச்சும் கையெழுத்தும்

நல்ல ஸ்கார்ஃபில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன், அதாவது சாயம் இறங்கும் வலைச் சட்டம், உண்டு. ஹெர்மெஸ் சதுரங்களில் 25, 30 ஸ்கிரீன் சாதாரணம், 40ஐத் தாண்டியவையும் இருக்கின்றன. லியோன் பக்கத்து நீண்ட மேசைகளில் துணியை விரித்து, ஒரு நிறம் முடிந்து அடுத்த நிறமாக அச்சிட்டு, ஆவியில் வேகவைத்துச் சாயத்தை இறுக்கி, பிறகு அலசுகிறார்கள். சாயம் இழைக்குள் இறங்குவதால் பின்பக்கமும் ஏறக்குறைய முன்பக்கம் போலவே நிறமாக இருக்கும். டிஜிட்டல் அச்சில் பின்பக்கம் வெளிறும். பிக் கிளாஸில் பார்த்தால் நிறங்கள் பொடிப்பொடிப் புள்ளிகளாகக் கலைந்து தெரியும். டிஜிட்டல் என்றாலே மட்டம் என்று சொல்ல முடியாது, இன்று நல்ல டிசைனர்கள் பலரும் அதில்தான் அச்சிடுகிறார்கள். ஆனால் 1960களின் ஸ்கார்ஃப் என்று சொல்லி விற்பதில் அந்தப் புள்ளி இருக்கக்கூடாது.

நிறமும் நிறமும் சந்திக்கும் இடத்தைப் பாருங்கள். ஸ்கிரீன் மயிரிழை விலகினாலும் நடுவில் வெள்ளைக் கீற்று விழும், அல்லது ஒன்றின்மேல் ஒன்று ஏறி மூன்றாவதாக ஓர் அழுக்கு நிறம் பிறக்கும். கறுப்புக் கோடு சுற்றிப் போட்ட படங்களில் இந்தக் குறை ஒளிந்துகொள்ளும். கோடில்லாத நீர்வண்ணப் பாணிப் பூக்களில் ஒளிய இடமில்லை. அதனால்தான் பூ ஸ்கார்ஃபுகளில் போலியைப் பிடிப்பது சுலபம்.

ஹெர்மெஸ் பெயரில் இரண்டாவது 'ஈ' எழுத்தின் மேல் இடமிருந்து வலமாக இறங்கும் சிறு கோடு இருக்க வேண்டும். பக்கத்தில் வட்டத்துக்குள் 'சி' போட்ட காப்புரிமைக் குறி வரும். மிகப் பழைய பதிப்புகளில் அந்தக் குறி இல்லாமலும் இருக்கும். ஓவியரின் கையெழுத்தும் எல்லாவற்றிலும் கிடையாது. கையெழுத்து இல்லாததைப் போலி என்று ஒதுக்கி நல்ல பழைய சதுரத்தைத் தவறவிட்டவர்கள் நிறைய.

இனி கதைகள்

ஹெர்மெஸின் முதல் சதுரம் 1937இல் வந்தது. எமில் ஹெர்மெஸின் மருமகன் ராபர்ட் டுமாஸ் வடிவமைத்தது. மாமனாரின் சேகரிப்பில் இருந்த பழைய பலகை விளையாட்டு ஒன்றை வைத்து, பாரிஸ் தெருக்களில் ஓடிய குதிரைப் பேருந்துகளை வட்டமாக ஓடவிட்டு, நடுவில் மேசையைச் சுற்றி விளையாடுகிறவர்களை உட்கார வைத்தார். பெயர் 'ழூ தெஸ் ஓம்னிபுஸ் எ தாம் பிளான்ஷ்'. பிற்காலத்தில் இதை மறுபதிப்பும் செய்திருக்கிறார்கள். இங்கேதான் புதிதாகச் சேகரிப்பவர்கள் வழுக்கி விழும் இடம்: வடிவமைப்பு பிறந்த ஆண்டு வேறு, கையிலுள்ள துணி அச்சான ஆண்டு வேறு. ஹியூகோ கிரிக்கார் வரைந்த 'பிரீட் டெ காலா' 1957இல் வந்தது. அலங்காரக் குதிரைக் கடிவாளம் இரண்டு எதிரெதிரே தொங்கும் படம். அதைப் பல தடவை, பல நிறங்களில், பல அளவுகளில் திரும்பத் திரும்ப வெளியிட்டிருக்கிறார்கள். "1957 பிரீட் டெ காலா" என்று விற்பனை விளம்பரத்தில் போட்டிருந்தால், படம் 1957 என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. துணியின் வயதைச் சொல்ல வேண்டியது சலவைக் குறிப்புச் சீட்டு, காப்புரிமைக் குறியின் வடிவம், பெட்டி, ரசீது ஆகியவை. சீட்டை வெட்டி எடுத்திருந்தால் தைத்த இடத்தில் ஊசித் துளைகள் வரிசையாக மிஞ்சியிருக்கும், லென்ஸில் தெரியும்.

இந்தக் கதைகளிலெல்லாம் மேலானது கெர்மிட் ஆலிவருடையது என்பது இங்கே எழுதுகிறவர்களின் கட்சி. டெக்சாஸ் மாநிலத்து வேக்கோ ஊரில் தபால் நிலையத்தில் இரவு நேரக் கடிதம் பிரிக்கும் வேலை அவருக்கு. பகலில் ஓவியம். அவருடைய முதல் ஹெர்மெஸ் சதுரம் 'பானி லா ஷார் பானி' 1984இல் வந்தது. நடுவில் பானி பழங்குடித் தலைவர் ஒருவரின் உருவம். பிறகு டெக்சாஸின் செடிகொடி, விலங்குகள், ஹோபி பழங்குடியினரின் கச்சினா பொம்மைகள் என்று வரிசையாக வரைந்தார், தபால் வேலையையும் விடவில்லை. ஆலிவரின் சதுரங்களில் சுற்றுக்கரையைப் பாருங்கள். நடு உருவத்துக்குச் செலவிட்ட அதே உழைப்பு கரையிலும் இருக்கும். ஸ்கார்ஃபைக் கழுத்தில் கட்டினால் வெளியே தெரிவது மூலையும் கரையும்தான் என்று புரிந்துகொண்டு வரைந்த கை அது. நம் நெசவாளர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, புடவையிலும் கட்டிய பிறகு கண்ணில் படுவது கரையும் முந்தியும்தானே.

இத்தாலியின் குச்சி (Gucci) நிறுவனத்தின் 'ஃப்ளோரா' 1966. மொனாக்கோ இளவரசி கிரேஸ் மிலான் கடைக்கு வந்தபோது ரொடோல்ஃபோ குச்சி அவருக்குப் பூப்போட்ட ஸ்கார்ஃப் ஒன்று தர விரும்பி, புத்தகச் சித்திரக்காரரான விட்டோரியோ அக்கார்னெரோவிடம் வரையச் சொன்னார். நான்கு பருவத்துப் பூங்கொத்துகள், இடையிடையே வண்டும் பட்டாம்பூச்சியும், மொத்தம் 37 நிறங்கள். படத்துக்குள் கீழ்ப்பக்கம் அக்கார்னெரோ கையெழுத்து இருக்கிறதா என்று தேடுங்கள். மேலே சொன்ன நிறம் சந்திக்கும் இடத்துச் சோதனைக்கு இதைவிட நல்ல மாதிரி கிடைக்காது.

கையிருப்பு குறைவாக இருந்தால் வேரா நியூமனில் தொடங்குங்கள். அமெரிக்கக்காரர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் லினன் துணிக்குத் தட்டுப்பாடு வந்தபோது, ராணுவ உபரிக் கடையில் கிடைத்த பாராசூட் பட்டில் ஸ்கிரீன் அச்சு போட்டு ஸ்கார்ஃப் செய்தார். கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பொறிவண்டு இருக்கும். நிறையச் செய்ததால் இன்றும் விலை ஏறவில்லை. ஆனால் எல்லாமே பட்டு இல்லை. செயற்கை இழையிலும் ஏராளம் வந்தது, அந்த ஓரிழை எரிப்பு இங்கே கட்டாயம். இத்தாலியின் எமிலியோ பூச்சி தன் சுழல் கோடுகளுக்குள்ளேயே 'எமிலியோ' என்று பொடி எழுத்தில் ஒளித்துவைப்பார். அது அச்சின் பகுதியாக, கோட்டோடு கோடாக இருக்க வேண்டும்.

லண்டனில் ஜிக்கா ஆஷர் 1940களில் மத்தீஸ், ஹென்றி மூர் போன்ற ஓவியர்களையே சதுரம் வரைய வைத்தார். அவை இன்று அருங்காட்சியக விலை. அதே ஊரில் ஜாக்மார் நிறுவனம் போர்க்காலப் பிரசார வாசகங்களை அச்சிட்டு ஸ்கார்ஃப் விற்றது. அப்போது பட்டு பாராசூட்டுக்குப் போய்விட்டதால் போர்க்கால ஸ்கார்ஃபுகளில் ரேயான் அதிகம். "போர்க்காலப் பட்டு" என்று விற்பதை நம்பி வாங்கும் முன் இழையைச் சோதியுங்கள். ரேயான் என்று தெரிந்தால் அது போலி என்று அர்த்தமில்லை, சில நேரம் அசல் என்பதற்கே அது சாட்சி.

எதிரி நாட்டில் விழுந்த விமானி தப்பி வருவதற்காக பிரிட்டனின் எம்.ஐ.9 என்ற ராணுவ உளவுப் பிரிவு பட்டில் வரைபடம் அச்சிட்டுக் கொடுத்தது. சட்டைக்குள் சுருட்டி வைத்தாலும் சலசலக்காது, நனைந்தாலும் கிழியாது. முதலில் மை பரவியது. பழக்கூழை உறைய வைக்கும் பெக்டினை மையில் கலந்த பிறகுதான் கோடு நின்றது. போர் முடிந்ததும் மிச்சத்தை உபரியாக விற்க, பெண்கள் அதில் சட்டையும் ஸ்கார்ஃபும் தைத்துக்கொண்டார்கள். ஆகவே இவற்றில் ஓரத் தையல் பின்னால் யாரோ வீட்டில் போட்டது. ஓரம் மட்டமாக இருப்பது இங்கே குற்றமில்லை.

மாங்காய்க் கரையை மட்டும் சொல்லாமல் விட முடியாது. காஷ்மீர் சால்வையில் இருந்த அந்த உரு, ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி ஊரில் 19ஆம் நூற்றாண்டில் ஜக்கார்டு தறியேறி, பின்னர் மிலானின் எட்ரோ நிறுவனத்துக்கு அடையாளமாகவே ஆகிவிட்டது. நம் ஜரிகை மாங்காயைப் பார்த்த கண்ணுக்கு அச்சு மாங்காய் கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கும்.

வெயிலும் பனியும்

சேலத்தில் வீடு, ஏற்காட்டில் ஒரு சின்ன வீடு என்று இருப்பவர்கள், குளிர்ச்சியாக இருக்கிறதே என்று பட்டையெல்லாம் மேலே கொண்டுபோய் வைக்கிறார்கள். செய்யாதீர்கள். 1500 மீட்டர் உயரத்தில் மழைக்காலம் முழுக்கக் காற்றில் ஈரம் நிற்கும். ஈரப்பதம் 65, 70 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சணம் பிடிக்கும். சேலத்துச் சூட்டைவிட அது மோசம். கீழே, மேற்குச் சுவரில் சாய்ந்திராத பீரோவே நல்லது. ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் இருந்தால் போதும். ஈரம் அளக்கும் சிறு கருவி சில நூறு ரூபாய்தான். ஏற்காட்டிலேயே வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் மூடி இறுகும் பெட்டி, உள்ளே நிறம் மாறும் சிலிக்கா ஜெல். ஆரஞ்சு நிறம் பச்சையாகிவிட்டால் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் சூடாக்கி மறுபடி பயன்படுத்தலாம்.

சுற்றி வைக்கக் காடாத் துணி நல்லது, ஆனால் கடையில் வாங்கியபடியே அல்ல. அதிலிருக்கும் கஞ்சிப்பசைக்கு ராமபாணப் பூச்சி ஓடி வரும். இரண்டு தடவை வெந்நீரில் அலசிக் காயவைத்த பிறகு சுற்றுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மையும் அமிலமும் பட்டில் இறங்கும். அந்துருண்டை துணியைத் தொடக்கூடாது. அதோடு கற்பூரத்தையோ வேறு வகை அந்துருண்டையையோ சேர்த்து வைத்தால் இரண்டும் இளகிக் கறையாகலாம். வசம்பைத் தட்டி மெல்லிய துணியில் முடிந்து பீரோவின் மூலையில் தொங்கவிடுவது பழைய வழி, கெடுதல் இல்லை. பூச்சி ஏற்கெனவே பிடித்திருந்தால் வசம்பு போதாது. ஸ்கார்ஃபைப் பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றி மூடி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் விடுங்கள், இல்லையென்றால் பட்டின்மேல் தண்ணீர் கோக்கும்.

மடிப்பு ஒரே இடத்தில் நின்றால் அங்கேயே இழை அறும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். நூறாண்டுப் பழசு கைக்கு வந்தால் உதறிப் பிரிக்காதீர்கள். அந்தக் காலத்தில் கனம் கூட்டுவதற்காக வெள்ளீய உப்பு ஏற்றிய பட்டு உண்டு. அது மடிப்பில் தானாகவே கிழியும். அதற்கு மருந்து கிடையாது.

துவைப்பதைத் தள்ளிப்போட முடிந்தவரை தள்ளிப்போடுங்கள். முடியாதபோது, நனைத்த வெள்ளைப் பருத்தித் துணியை ஒரு மூலையில் ஒரு நிமிடம் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் டிரைகிளீனரிடம்தான். ஒட்டாவிட்டால் குளிர்ந்த நீர், காரமில்லாத திரவச் சோப்பு சில துளி. போர்வெல் தண்ணீர் வேண்டாம். அதிலுள்ள சுண்ணாம்பும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து பட்டின்மேல் வெண்படலமாக உட்காரும், பளபளப்பு போய்விடும். மேட்டூர் தண்ணீரோ பிடித்து வைத்த மழைநீரோ எடுங்கள். கடைசி அலசலில் லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் வெள்ளை வினிகர். பூந்திக்கொட்டை பட்டுக்கு ஏற்றதுதான், ஆனால் வெள்ளைப் பின்னணியில் லேசாகப் பழுப்பு ஏறும். முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி ஈரம் எடுத்து, நிழலில் உலர்த்தி, கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே பின்பக்கம் மிதச் சூட்டில் தேயுங்கள். ஓரத்துக்கு ஒரு செ.மீ. முன்னாலேயே இஸ்திரிப் பெட்டி நிற்க வேண்டும்.

தேங்காய் எண்ணெய்க் கறைக்கு உடனே சோளமாவு தூவி ஓர் இரவு விட்டுத் தட்டுங்கள். மஞ்சள் கறையில் சோப்புக் கட்டியைத் தேய்த்தால் காரம் பட்டுச் சிவப்பாகும். பதறி பிளீச் ஊற்றினால் பட்டே கரையும். அந்தக் கறையோடு வாழப் பழகுவது நல்லது.

ஃபிரேம் போடும் கடையில் பிளைவுட்டில் பசை தடவி ஒட்டித் தருவதுதான் வழக்கம். அதற்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். அலசிய பருத்தித் துணியை அட்டையில் இழுத்துக் கட்டி, ஸ்கார்ஃபின் ஓரத்தை அதன்மேல் பட்டு நூலால் அங்கங்கே பிடித்துத் தைத்து, கண்ணாடிக்கும் துணிக்கும் நடுவே 5, 6 மி.மீ. இடைவெளி விடச் சொல்லுங்கள். அருங்காட்சியகங்கள் பட்டுக்கு 50 லக்ஸ் வெளிச்சத்துக்கு மேல் விடுவதில்லை. நம் கூடத்தில் ஜன்னல் பக்கம் அதைப்போல் பல மடங்கு விழும். மூன்று மாதம் மாட்டினால் மூன்று மாதம் உள்ளே வையுங்கள்.

நம் தறியில் ஒரு சதுரம்

வெளிநாட்டுப் பார்சலுக்குச் சுங்கவரியும் கூரியர் கட்டணமும் சேர்ந்து வரும் தொகையைப் பார்த்த பிறகு, இங்கேயே ஒன்று நெய்து வாங்கலாமே என்று தோன்றும். தோன்ற வேண்டியதுதான், வெண்பட்டு வேட்டிக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் இது. ஆனால் புடவை நெசவாளரிடம் போய் "ஸ்கார்ஃப் ஒன்று" என்று மட்டும் சொன்னால் விறைப்பான துணிதான் கிடைக்கும். காரணம் இதுதான்: புடவைக்கு முறுக்கேற்றிய நூலில், பட்டுக்கு இயல்பாகவே உள்ள பசையை முதலிலேயே நீக்கிச் சாயம் போட்டு நெருக்கமாக நெய்கிறோம். ஸ்கார்ஃபுத் துணியைப் பசையோடு நெய்து, துணியாகவே பசை நீக்குகிறார்கள். பசை போன இடம் காலியாகி இழைகள் நகர இடம் கிடைப்பதால்தான் அது கழுத்தில் அப்படி வழிகிறது.

ஆகவே கேட்க வேண்டியது இப்படி: பசை நீக்காத வெள்ளை நூல், குறைந்த முறுக்கு, நாலு விழுது (பாவு இழைகளைத் தூக்கி இறக்கும் தறிப் பகுதி) ட்வில் அல்லது டாபி (சிறு உரு நெசவு). நெய்த பிறகு சோப்புத் தண்ணீரில் 90 முதல் 95 டிகிரியில் ஒரு மணியோ ஒன்றரை மணியோ. தளதளவென்று கொதிக்க விட்டால் இழை உரசிப் பஞ்சு கிளம்பும். பாதியில் எடுத்தால் சாயம் திட்டுத் திட்டாக ஏறும். எடையில் 20 முதல் 25 சதவீதம் வரை போகும். 63 கிராம் சதுரம் வேண்டுமென்றால் தறியிலிருந்து இறங்கும்போது 80 கிராமுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அகலமும் சுருங்கும், ஓரம் உருட்ட நாலு பக்கமும் ஒவ்வொரு செ.மீ. போகும். தறியில் 38, 39 அங்குலம் வையுங்கள், மீதியை நெசவாளர் நூலைப் பார்த்துச் சொல்வார்.

ஒரே ஒரு சதுரத்துக்காக யாரும் பாவு ஏற்ற மாட்டார்கள், ஏற்றச் சொல்வதும் நியாயமில்லை. நாலைந்து பேர் சேர்ந்து ஒரு பாவுக்கான நூல் செலவையும், விழுது மாற்றிப் பிணைக்கும் கூலியையும் முன்பணமாகக் கொடுத்துவிட்டுப் பேசுங்கள். ஊடு நிறத்தை ஆளுக்கு ஒன்றாக மாற்றிக்கொள்ளலாம். ஐப்பசியில் தீபாவளி வேலை நெருக்கும் நேரத்தில் போகாதீர்கள், ஆடி மாதம் போங்கள்.